கூலாய்க்கு வந்த பனி டயர்

மாணவர்களே, கூலாயில் இருக்கும் என் மாமாவிடம் பழைய கார் ஒன்று உண்டு. பின்சக்கர இயக்கக் கார். அதாவது, பின் சக்கரங்கள்தாம் காரைத் தள்ளும். சென்ற விடுமுறையில் அதன் பின் டயர்களைப் பெருமையாகக் காட்டினார்.

"பூ எவ்வளவு ஆழம் பாரும்மா! ரெண்டும் சேர்த்து இருநூறு வெள்ளிதான். மழைக்காலத்துக்கு இனி கவலை இல்ல."

(டயரில் வெட்டியுள்ள பள்ளங்களை மலாய்மொழியில் பூ என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.)

குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிச்செதில். குளிர்நாட்டில் யாரோ ஓட்டிக் கழற்றிப் போட்ட பனிக்கால டயர் அது!

மாமாவின் கணக்கு பாதி சரி. டயருக்கும் சாலைக்கும் இடையே கிடைக்கும் உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. பின்சக்கர இயக்கக் காரில், பின் டயர் அந்த உராய்வைக் கொண்டுதான் காரைத் தள்ள வேண்டும். வளைவில் பக்கவாட்டில் நழுவாமலும் பிடிக்க வேண்டும். சாலை நனைந்தால் அந்த எல்லை சுருங்கிவிடும். அப்போது வளைவில் வேகத்தைக் கூட்டினால் பின்பக்கம் விலகிக் கார் சுழலும். ஆகவே நல்ல டயர் பின்னால் இருக்கட்டும் என்று அவர் நினைத்தது தவறில்லை. மைவி, சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில்கூட, இரண்டு டயர்களை மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போடுவதே பாதுகாப்பு.

ஆனால், அவர் வாங்கியது நம் ஊருக்கு நல்ல டயரா?

சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. அதனால் பனிக்கால டயரை, குளிரிலும் இளக்கமாக இருக்கும் கலவையில் செய்கிறார்கள். அதில் இயற்கை ரப்பர் சற்று அதிகம். (நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரத்தின் ரப்பர்தான்!) பனியைக் கவ்வ, மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களும் போடுகிறார்கள்.

கூலாயில் நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 பாகையைத் தாண்டிச் சுடும். ஏற்கெனவே இளகிய ரப்பர் அங்கே மேலும் இளகும். பிரேக் பிடித்தால் கீறல்களுக்கு இடையிலுள்ள துண்டுகள் துடைப்பக்குச்சிபோல் வளையும்; கார் நிற்க அதிகத் தூரம் வேண்டும். மழை பெய்தாலும் இங்கே 7 பாகை வரப்போவதில்லை. முன்னால் சாதாரண டயர், பின்னால் பனி டயர் என்றால் பின்பக்கம்தான் முதலில் பிடியை இழக்கும். மாமா எதற்கு அஞ்சினாரோ, அதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

எல்லாப் பருவத்துக்குமான டயர்களும் உண்டு. அவை கோடையும் மிதமான பனியும் மாறி மாறி வரும் நாடுகளுக்கான சமரசம். நமக்கு வேண்டியது, வெப்பத்தைத் தாங்கும் ரப்பரும் மழைநீரை வெளியேற்றும் அகன்ற பள்ளங்களும்.

பூவின் ஆழத்தை மட்டும் பார்த்துப் பழைய டயர் வாங்கும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. புது டயரின் விலை எனக்கும் தெரியும். ஆனாலும், பெரிய நிறுவனத்தின் பழைய பனி டயரைவிட, விலை குறைந்த சாதாரணப் புது டயரே மேல் என்பேன். ரப்பர் வயதாலும் கெடும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில் செய்தது.

உங்களில் பலரின் அப்பா விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மோட்டார் சைக்கிளும் பின்சக்கர இயக்கம்தான்! இன்று மாலை அவர் வந்ததும் பின் டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் சிறு மேடு இருக்கும். நடுப்பகுதி தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், நவம்பர் மழைக்கு முன்பே அப்பாவிடம் சொல்லுங்கள்.

மாமா ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு டயர்களை மாற்றினார். கழற்றியதில் ஒன்று இப்போது எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, பக்கத்தில் வைத்துள்ள சாதாரண டயரையும் அழுத்திப் பார்க்கிறார்கள்.