புதுமை பாலி இசைக்குப் புதிதல்ல

ஆண் வண்டும் பெண் வண்டும் பூக்களிடையே கொஞ்சி விளையாடுவதைக் காட்டும் ‘ஓலெக் தமுலிலிங்கான்’, இன்று பாலித் தீவின் செவ்வியல் நடனங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆனால், அது பிறந்ததே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்காகத்தான். 1952-ல் பெலியாத்தான் கிராமத்துக் ‘கேமலான்’ எனும் வெண்கலத் தாளவாத்தியக் குழுவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அழைத்துப்போன ஜான் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் புதிய நடனம் ஒன்று கேட்டார். ஆடல் மேதை இ மாரியோ அமைத்துக் கொடுத்தார். லண்டனும் நியூயார்க்கும் கண்டு ரசித்தது அன்றைய புத்தம்புதுப் படைப்பை.

வெளிநாட்டு விழாக்களில் பாலி இசையைப் ‘பழைமை மாறாத மரபு’ என்று விளம்பரப்படுத்துபவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் விரும்பி அழைக்கும் ‘கோங் கெப்யார்’ பாணியே 1915 வாக்கில் வட பாலியில் எழுந்த ஒரு கலகம். திடீரென வெடித்துக் கிளம்பும் அதன் வேகத்தில் மயங்கிய ஊர்கள், அரண்மனைக் காலத்து வெண்கலக் கருவிகளை உருக்கிப் புதிதாக வார்த்துக்கொண்டன. அந்தத் துணிச்சல் இல்லையென்றால் இன்று மேடையேற்ற ‘மரபு’ எதுவும் இருந்திருக்காது.

பாலி கேமலானின் நுட்பம் ஜோடியில் இருக்கிறது. இரட்டைக் கருவிகளில் ஒன்றின் சுருதியைச் சற்றே தாழ்த்தியும் மற்றதைச் சற்றே உயர்த்தியும் வைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது ஒலி அலையலையாய் அதிரும். ‘ஓம்பாக்’ என்பது அதன் பெயர். ‘கொத்தெக்கான்’ வாசிப்பில் ஒருவர் விடும் இடைவெளியை இன்னொருவர் நிரப்புவார். எந்தத் தனிக் கையாலும் எட்ட முடியாத வேகம் அப்படித்தான் பிறக்கிறது. ஒரு தொகுதியின் சுருதி இன்னொன்றோடு பொருந்தாது என்பதால், கருவிகளைத் துண்டு துண்டாக இரவல் வாங்கிச் சமாளிக்கவும் முடியாது.

தேவா அலித் போன்ற பாலி இசையமைப்பாளர்களை அழைப்பது செலவுள்ள காரியமாவது இதனால்தான். 2007-ல் அவர் தொடங்கிய ‘கேமலான் சலுகாத்’ குழுவின் கருவிகள், பழைய இரு சுருதி முறைகளை இணைத்து 11 சுரங்களோடு அவரே வடிவமைத்தவை. அவற்றுக்காக எழுதிய படைப்புகளை வேறு ஊர்த் தொகுதியில் வாசிக்க இயலாது. வெண்கலம் முழுவதும் கடல் கடந்தாக வேண்டும். அந்தச் செலவைச் செய்வதே நியாயம்.

புதுமைக்குப் பாலி மக்கள் அஞ்சுவதாக நினைப்பதும் பிழை. 1979-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘கேமலான் செகார் ஜெயா’ அமெரிக்கக் குழு 1985-ல் பாலிக்கே சென்று வாசித்தது. இ நியோமன் விந்தா உள்ளிட்ட பாலிக் கலைஞர்கள் அதற்கெனப் புதிய படைப்புகள் செய்தனர். ஆனால், தெங்கனான் கிராமத்தின் ‘செலொண்டிங்’ எனும் இரும்புக் கருவித் தொகுதி போலச் சடங்குக்கே உரியவை வேறு. அவற்றின் புனிதத்தைத் தொடாமல் விடுவதே மரியாதை.

மேடைக்கென்றே உருவானவை அப்படியல்ல. விழா அமைப்பாளர்கள் பதினைந்து நிமிட வண்ணக் காட்சியோடு நிறுத்தாமல், ஒரு முழு மாலையைப் பாலியின் இன்றைய இசையமைப்பாளர்களுக்குத் தர வேண்டும். நிகழ்ச்சி நிரலில் ‘பாலி நாட்டுப்புற இசை’ என்று பொதுவாக எழுதும் வழக்கத்தை விட்டு, பீத்தோவனுக்குச் செய்வதுபோலவே ஒவ்வொரு படைப்புக்கும் ஆக்கியவர் பெயரையும் ஆண்டையும் அச்சிட வேண்டும். மாரியோவின் வண்டு நடனத்துக்கும்தான்.