சல்லி போனால் தீவும் போகும்

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்றுதான் படிக்கிறோம். கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. கடல்மட்டம் உயர்ந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று பலரும் கைவிரிக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தீவுகளின் அடித்தளத்தைப் பெயர்த்து விற்றது மனிதர்கள்.

இவை பவளமே குவித்துக் கட்டிய மேடுகள். அலை ஒடித்த பவளக் கிளைகள் சல்லியாகக் குவிகின்றன. கிளிமீன் பாறையைச் சுரண்டித் தின்று, வெண்மணலாகக் கழிக்கிறது. சுற்றியுள்ள கடற்புல் அந்த மணலைப் பிடித்து வைக்கிறது. காரைச்சல்லி, விலங்குச்சல்லி என்ற தீவுப் பெயர்களிலேயே இந்தப் பிறப்பு பதிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. காற்றும் நீரோட்டமும் மாறும்போதெல்லாம் மணல் இடம் மாறும். வெளியே பார் எனப்படும் பவளப்பாறை உயிரோடு இருக்கும்வரை புது மணல் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பாரைத்தான் பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் அனுப்பினார்கள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் அது நிற்கவில்லை. 2001இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்து, மேலும் சில ஆண்டுகள் கழிந்தே ஓய்ந்தது.

தாழ்வான தீவு முதலில் மூழ்குவது இயல்புதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கடல் எல்லாத் தீவுகளுக்கும் ஒன்றே. அப்படியிருக்க, பவளம் அதிகம் வெட்டப்பட்ட தூத்துக்குடிப் பக்கத்தில் வான்தீவு தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்ததற்குக் கடலை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? அதே தீவைச் சுற்றி 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியதும் அரிப்பு தணிந்தது. அலையின் வேகத்தைத் தடுத்தால் தீவு நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். என்றாலும் கான்கிரீட் மணல் தராது. 2010, 2016 வெப்ப அலைகளில் வெளுத்த பவளம் தேறினால்தான் மணல் வரும்.

பவளத்தைக் காக்கக் காவலை இறுக்கினால் அங்கே கடற்பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. தலைமுறைகளாக அந்தப் பார்களில் முங்கி எழுபவர்கள் அவர்கள். எங்கே பவளம் துளிர்க்கிறது, எங்கே பாசி மூடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தீவுகளைக் காக்கும் திட்டம் போடும் அதிகாரிகள் அவர்களை முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும்.