தராசு சொல்லாத கணக்கு

ஒரே எடையுள்ள இரு பட்டுச் சேலைகளுள் ஒன்றில் பட்டும் மற்றொன்றில் சரிகையும் மிகுந்திருக்கக் கூடுமென்பதைக் காஞ்சியில் நெசவாளி வீட்டுக் குழந்தையும் அறியும். ஆயினும் மனித தேகத்தை மதிப்பிடுகையில் மட்டும், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் ஓர் எண்ணையே நாம் பரம பிரமாணமாகக் கொண்டுவிடுகிறோம். பெல்ஜிய அறிஞர் கெத்தலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரை அளந்து கண்ட அச்சூத்திரம் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. யாஜ்னிக், யுட்கின் என்னும் இரு மருத்துவர்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் பிரிட்டிஷார், தங்கள் இருவருக்கும் அவ்வெண் 22.3 ஆகவே இருக்க, உடற்கொழுப்போ முன்னவருக்கு 21.2 சதவிகிதம், பின்னவருக்கு 9.1 சதவிகிதம் என்று 2004-இல் தம் புகைப்படத்துடனேயே பிரசுரித்தனர். விஞ்ஞானத்தில் இத்தகைய நகைச்சுவை அபூர்வம். ஆடவரிடையே இவ்வளவு பேதமெனில், இயல்பாகவே கொழுப்பு விகிதம் கூடிய பெண்டிர் விஷயத்தில் கேட்க வேண்டுமா?

1992 முதல் பெண்களும் பயிலும் சென்னைப் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குப் பல பிரதேசத்து யுவதிகள் வருகின்றனர். அவர்களுடைய தேகத் தகுதியை நிர்ணயிக்க எடை அட்டவணையோடு இடுப்புச் சுற்றளவும் தசைவலிமையும் அவசியம் கணிக்கப்பட வேண்டுமென்பதே என் அபிப்பிராயம். இது சலுகையன்று, மெலிந்த தோற்றத்துள் மறைந்த கொழுப்பும் இதனால் அகப்படும்.