கழுத்துல கத்தி வெச்சா...

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. கணக்கு எழுதிப் பொழைக்கிறவன். அத்தையைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சப்ப கேட்டது, அப்புறமா தேடிப் படிச்சது, கூடவே கொஞ்சம் வயித்தெரிச்சல். அவ்வளவுதான் இந்தப் பதிவு.

எங்க அத்தைக்கு இருபது வருஷமா முடக்குவாதம். விரல் எல்லாம் கோணித்தான் இருக்கும். அதனால பேங்க்ல "கையெழுத்து ஒத்துப் போகலை"ன்னு ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்தப்ப யாரும் பெருசா எடுத்துக்கலை. ஒரு நாள் காய்கறி வாங்கிட்டு வர்ற வழியில பார்த்தா, ஒத்தைச் செருப்பு பத்தடி பின்னாடி கிடக்கு. அத்தை பாட்டுக்கு நடந்து போய்க்கிட்டு இருக்காங்க. செருப்பு கழண்டதே அவங்களுக்குத் தெரியலை. அப்பத்தான் எனக்கு சுருக்குன்னுச்சு.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தா கோளாறு கழுத்துல. மண்டையோட்டுக்குக் கீழே இருக்கிற முதல் எலும்பு மோதிரம் மாதிரி. ரெண்டாவது எலும்புல இருந்து ஒரு முளை மேலே நீட்டிக்கிட்டு அந்த மோதிரத்துக்குள்ள நிக்கும். நாம "இல்லை"ன்னு தலையாட்டுறது இந்த அச்சுலதான். ரெண்டையும் பிடிச்சு வெச்சிருக்கிற தசைநாரை முடக்குவாதம் அரிச்சுட்டா, மோதிரம் முன்னாடி நழுவும். தண்டுவடம் நடுவுல மாட்டி நசுங்கும். கை, கால், மூச்சு எல்லாத்துக்கும் போற மெயின் லைன் அது!

டாக்டர் ஆபரேஷன்னு சொன்னார். வீட்டுல பஞ்சாயத்து கூடுச்சு. "கழுத்துல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்"னு பெரியப்பா ஆரம்பிச்சார். எல்லாரும் தலையாட்டினாங்க (நானும்தான்). எட்டு மாசம் தைலம், கழுத்துப் பட்டைன்னு ஓடுச்சு. சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தர் கிளம்புனதை மட்டும் எப்படியோ தடுத்துட்டேன். நழுவுன கழுத்தைத் திருப்பி சொடக்கு எடுத்திருந்தா கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

என்னைக் கேட்டா, பெரியப்பாவோட பயம் பொய் இல்லை. ஒரு காலத்துல அதுல நியாயம் இருந்துச்சு. ஆனா அது காலாவதியான பயம்.

1939ல கனடாவுல கேல்லின்னு ஒரு டாக்டர் இந்த ரெண்டு எலும்பையும் கம்பி போட்டுக் கட்டுற முறையை எழுதினார். கம்பிக் கட்டு மட்டும் தாங்காதுன்னு, எலும்பு ஒட்டுற வரைக்கும் மாசக்கணக்குல கழுத்தை அசையாம வெச்சிருக்கணும். மண்டையில திருகாணி இறக்கி மாட்டுற வளையம்கூட உண்டு. அப்புறம் ஸ்க்ரூ வந்துச்சு. பிடிமானம் நல்லா இருக்கும், ஆனா ஸ்க்ரூ போற வழிதான் பிரச்சனை. ஒரு பக்கம் தண்டுவடம், இன்னொரு பக்கம் மூளைக்குப் போற ரத்தக்குழாய். அந்தக் குழாய் வளைஞ்சு போற பாதை ஆளுக்கு ஆள் மாறும். சில மில்லிமீட்டர் தப்பினா போச்சு.

இதுல நம்ம நாட்டுக்காரர் பங்கு பெருசு. மும்பை மாநகராட்சி நடத்துற கே.இ.எம். ஆஸ்பத்திரியில இருந்து அதுல் கோயல், ரெண்டு எலும்புலயும் தனித்தனியா ஸ்க்ரூ போட்டுத் தகட்டால இணைக்கிற முறையை 1994ல வெளியிட்டார். 2001ல ஜெர்மனியின் ஹார்ம்ஸ், தகட்டுக்குப் பதிலா கம்பித்தண்டு வெச்சு அதை மாத்தி அமைச்சார். இன்னைக்கு உலகம் பூரா கோயல்-ஹார்ம்ஸ் முறைன்னுதான் பேரு.

இப்ப மெஷின் விஷயத்துக்கு வருவோம். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே உளுந்து வடை மாதிரி ஒரு பெரிய வளையம். நோயாளியைப் படுக்க வெச்ச நிலையிலயே சுத்தி வந்து முப்பரிமாணப் படம் எடுத்துடும். இது ஏன் முக்கியம்னா, போன வாரம் மல்லாக்கப் படுத்து எடுத்த ஸ்கேனும் இன்னைக்குக் குப்புறப் படுத்திருக்கிற கழுத்தும் ஒண்ணு இல்லை. எலும்பு நகர்ந்திருக்கும். இப்ப எடுத்த படத்தை வெச்சுக்கிட்டு, டாக்டர் கையில இருக்கிற கருவியை ஒரு அகச்சிவப்பு கேமரா பின்தொடருது. கருவி முனை எலும்புக்குள்ள எங்க இருக்குன்னு திரையில காட்டுது. கார்ல வழி காட்டுற மாதிரி.

கூடவே நரம்பு மானிட்டர். தலையில லேசா மின்தூண்டல் குடுத்து, கை கால் தசை பதில் சொல்லுதான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. 1973ல பிரான்ஸ்ல எழுதின முறை என்ன தெரியுமா? முதுகெலும்பு ஆபரேஷனுக்கு நடுவுல நோயாளியை மயக்கத்துல இருந்து எழுப்பி "காலை ஆட்டு"ன்னு சொல்றது! அங்க இருந்து இங்க வந்திருக்கோம்.

எலும்பு முன்பக்கம் அழுத்துச்சுன்னா முன்னாடி வாய் வழியா போய் எடுப்பாங்க. 2005ல பிட்ஸ்பர்க் டாக்டர்கள் எண்டோஸ்கோப்பை மூக்கு வழியா விட்டு அந்த முளையை எடுத்ததா எழுதினாங்க. மண்டையோட்டு அடிப்பகுதிக் கட்டிக்கும் இப்ப மூக்கு ஒரு ராஜபாட்டை.

அதுக்காக மெஷின் இருந்தா போதும்னு நான் சொல்லலை. எலும்புல மாட்டின அடையாளச் சட்டத்தை யாராவது தெரியாம இடிச்சுட்டா, திரை தப்பான இடத்தை ரொம்ப தைரியமா காட்டும். அதைச் சந்தேகப்படத் தெரிஞ்ச கை வேணும். கோயல் 1994ல இந்த வளையத்தை வெச்சுக்கிட்டு செய்யலை. அதனால மூணு கேள்வி கேளுங்க: இந்த மூட்டுல வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க? ரத்தக்குழாய் போற பாதையை சி.டி. ஆஞ்சியோல பார்த்தாச்சா? நரம்பு மானிட்டர் உண்டா? நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தாங்க. இப்ப நடக்கிறாங்க, செருப்பு காலோட நிக்குது. கழுத்து பாதிதான் திரும்புது. கூப்பிட்டா உடம்போட திரும்பி "என்னடா"ங்கிறாங்க. அந்த ரெண்டு எலும்பையும் சேர்த்துட்டா அப்படித்தான் ஆகும், அது தெரிஞ்சே செஞ்சதுதான்.

ஆனா கையெழுத்து திரும்ப வரலை. நசுங்கின தண்டுவடத்துல மிச்சம் இருக்கிறதைத்தான் ஆபரேஷன் காப்பாத்தும், போனதை எல்லாம் கொண்டு வராதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். பேங்க்ல இப்ப கைநாட்டு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின அத்தை, மையை முந்தானையில துடைச்சுக்கிட்டு யாரையும் பார்க்காம வெளியே வந்துடுறாங்க.

மெஷின் எட்டு மாசத்துக்கு முன்னாடியும் அங்கதான் இருந்துச்சு. நாங்கதான் போகலை.

உங்க வீட்டுலயும் யாராவது சட்டை பட்டன் போடத் தடுமாறினா, செருப்பு கழண்டதே தெரியாம நடந்தா, வயசாச்சுன்னு விட்டுடாதீங்க. கழுத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. பெரியப்பாக்களை நான் பார்த்துக்கறேன் :-)