ஆளுக்கேற்ற வேலை

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் உருவான மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் மென்பொருள், மின்னணுப் பொருள்கள், ஆயத்த ஆடை எனப் பல தொழில்கள் நடக்கின்றன. நுண்ணிய பாகங்களைப் பொருத்தக் கைப்பக்குவம் வேண்டும்; வாடிக்கையாளரைச் சமாளிக்க நிதானம் வேண்டும்; இரவுப் பணிக்கு உடல் ஒத்துழைக்க வேண்டும். ஆனால், ஆளெடுப்பில் பட்டமும் மதிப்பெண்ணுமே பெரும்பாலும் முன்னிற்கின்றன.

தன்னை அறிவது, தொழிலை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்ற வழிமுறையை அமெரிக்கரான ஃபிராங்க் பார்சன்ஸின் நூல் 1909-லேயே முன்வைத்தது. 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் தருவது வரவேற்கத்தக்கது. மாணவரின் இயல்புக்கும் நாட்டத்துக்கும் அதில் கூடுதல் இடம் வேண்டும்.

தொழிலாளி மட்டுமே வளைந்துகொடுப்பது பொருத்தம் ஆகாது. பணியிடமும் அவருக்கு ஏற்ப மாற வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழகம் 2021-லும் சட்டம் திருத்தின. குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் உள்ள கடைகளில் நாற்காலி இருந்தால் போதாது. அதில் உட்காரும் உரிமையும் நடைமுறையில் இருக்க வேண்டும்.

நிறுவனங்கள் நேர்காணலோடு நிற்காமல், வேலையின் உண்மை நிலையை முன்கூட்டியே காட்டட்டும். சேர்ந்தவருக்குப் பிரிவு மாறும் வாய்ப்பையும் தரட்டும். தொழிலாளர் துறை இருக்கை விதியைக் கடை கடையாகச் சோதிக்கட்டும். பொருந்தாத வேலையில் ஒருவரைத் தேயவிடுவது தொழிலாளிக்கும் நட்டம், முதலாளிக்கும் நட்டம்.