செத்த காகத்துக்கும் கணக்கு வேண்டும்!

மார்கழி, தை மாதங்களில் அம்பத்தூர் ஏரிக்கரைக்கோ, ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கோ போய்ப் பாருங்கள். கூழைக்கடா, நாரை, வாத்து என்று பறவைகள் கூட்டம். அவற்றில் சில, வடக்கே பனி பெய்யும் நாடுகளிலிருந்து பறந்து வந்தவை.

விருந்தாளி வந்தால் சந்தோஷம்தான். ஆனால், விருந்தாளியோடு நோயும் வரலாம் அல்லவா?

பறவைக் காய்ச்சல் ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. காட்டு வாத்துகள் சில இந்தக் கிருமியைச் சுமந்தபடியே நன்றாக நீந்திக்கொண்டிருக்கும். எச்சத்தின் வழியாகக் கிருமி வெளியே வரும். அது கோழிப் பண்ணையில் புகுந்தால் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். நோயில் செத்ததைத் தின்ற காகமும் சாகும்.

2020 டிசம்பர் கடைசியில், இமாசலப் பிரதேசத்தில் பாங் அணை ஏரியில் பட்டைத்தலை வாத்துகள் செத்துக் கிடந்தன. வன ஊழியர்கள் சும்மா இருக்கவில்லை. போபாலில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி போயிற்று. ஜனவரி முதல் வாரத்திலேயே பதில் வந்தது: பறவைக் காய்ச்சல்! உடனே ஏரிக்கரைக்கு ஆட்கள் போகத் தடை. சுற்று வட்டாரத்தில் கோழி, முட்டை விற்கத் தடை. ஆயிரக்கணக்கான வாத்துகள் மடிந்தன. அதே இன வாத்துதான் நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்கும் வருகிறது!

பாங் அணை ஏரி ஒரு சரணாலயம். காவலுக்கு ஆள் உண்டு. அம்பத்தூர் ஏரியோ வீடுகளுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே பத்துக் காகம் செத்து விழுந்தால் குப்பை வண்டியில் போகும். அல்லது நாய் இழுத்துப் போகும். காகத்துக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத வீடுகள் இங்கே எத்தனையோ. அந்தக் காகம் செத்தால், "ஏன்?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

வருடந்தோறும் வனத்துறை நீர்நிலைப் பறவைகளை எண்ணுகிறது. நல்ல வேலை. ஆனால் அது உயிருள்ள பறவைகளின் கணக்கு. செத்த பறவைக்கும் கணக்கு வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்றிரண்டு பறவைகள் மின்கம்பியில் பட்டும் சாகும். அதற்குப் பதற வேண்டாம். ஒரே இடத்தில் பல செத்தால் கையால் தொடாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

"பறவைகளையே துரத்திவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது! கிருமியோடு அவை அடுத்த ஏரிக்குப் போய் இறங்கும்.

மனிதருக்கு இந்த நோய் வருவது அபூர்வம். வந்தால் ஆபத்து. 2021 ஜூலையில் அரியானாச் சிறுவன் ஒருவன் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்தான். அதற்காகக் கோழிக் குழம்பை ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாக வேக வைத்தால் கிருமி செத்துவிடும்.

ஒவ்வொரு ஏரிக்கரையிலும் ஒரு பலகை வையுங்கள். யாருக்குச் சொல்ல வேண்டும், போன் நம்பர் என்ன என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். இதற்கு எத்தனை பணம் ஆகிவிடும்? ஐப்பசியில் பறவைகள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் பலகை வந்துவிட வேண்டும்.