ஆளில்லாத படம்

கோடை விடுமுறை முடிஞ்சு வாற எங்கட ஆட்களிட்ட இப்ப புதுக் கதை ஒண்டு இருக்கு. முந்தியெண்டால் லூர்து மாதா கோயில், லண்டன் சாமத்தியவீடு, கனடாக் கலியாணம். இப்ப ஆபிரிக்கா சஃபாரி! எங்கட குசினியில என்னோட நிக்கிற தம்பி ஒருத்தர் இரண்டு வருசம் காசு சேர்த்துத் தன்சானியாவுக்குப் போட்டு வந்தவர். வேலை முடிஞ்ச பிறகு படங்களைக் காட்டினார். சிங்கம், வரிக்குதிரை, ஆயிரக்கணக்கில் காட்டுமாடுகள். நல்ல படங்கள்தான்.

“என்ன தம்பி, ஒரு மனிசரையும் காணேல்லை?” எண்டு கேட்டன்.

“அண்ணை, அது காடு. காட்டில ஆர் இருப்பினம்?”

இந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

அவர் போன செரெங்கெட்டி, 1951இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே மசாய் மக்கள் அந்தப் புல்வெளியில் மாடு மேய்த்து வந்தவர்கள். 1959இல் அவர்களை வெளியேற்றி, பக்கத்திலுள்ள கொரொங்கோரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மாடுகளோடு இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. 2022இல் இருந்து அங்கிருந்தும் பல நூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ம்சோமெரா என்ற ஊருக்கு ஆட்களைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். ஆக, தம்பியின் படத்தில் ஆள் இல்லாதது தற்செயல் அல்ல.

ஜெர்மன் பேசும் இந்த நாடுகளில் பேர்ன்ஹார்ட் கிர்சிமெக்கைத் தெரியாத வயதானவர்கள் குறைவு. 1959இல் செரெங்கெட்டி பற்றி அவர் எடுத்த படம் ஒஸ்கார் பரிசும் பெற்றது. விமானத்தில் பறந்து மிருகங்களை எண்ணினார். அந்த வேலையில் மகனையே விமான விபத்தில் இழந்தார். அவருடைய உழைப்பைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் பூங்காவுக்குள் மனிதர் இருக்கவே கூடாது, அந்த மண்ணின் ஆட்கள்கூட இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையைத்தான் நாங்கள் ஜீப்பில் இருந்து பார்த்து ‘இயற்கை’ என்கிறோம்.

ஆபிரிக்காவை விடுங்கோ. இலங்கையில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா 1983இல் வந்தது. வேடர்கள் தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடித் தேனெடுத்த காடு அது. அவர்களை மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் தம்பானையை விட்டு அசைய மறுத்தார்கள். 1996இல் அவருடைய மகன் வன்னில எத்தோ இந்த சுவிசுக்கு, ஜெனீவாவுக்கு வந்து, ஐ.நா. சபையில் தங்கட காட்டைப் பற்றிப் பேசினார். எங்கட ஆட்கள் எங்கட வழக்கைச் சொல்லப் போகிற அதே ஜெனீவா.

எனக்கு ஏன் இது உறைக்குது என்றால், 1990இல் வலிகாமம் வடக்கில் விட்டு வந்த எங்கட வளவும் கனகாலம் வேலிக்குள்தான் கிடந்தது. பிறகு படத்தில் பார்த்தேன்: பற்றை, பாம்புப் புற்று, கிணற்றுக்கட்டில் ஆலங்கன்று. தெரியாத ஒருவர் பார்த்தால் அதையும் நல்ல காடு என்றுதான் சொல்லுவார். ஆள் இல்லாத நிலத்தைக் கண்டால், அந்த ஆட்கள் எங்கே என்றுதான் எனக்குக் கேட்க வரும்.

அப்ப மிருகங்களைச் சாக விடுறதோ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூங்காக்கள் இல்லாவிட்டால் யானையும் காண்டாமிருகமும் இந்த அளவுக்குக்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் அதுக்குச் சனத்தைக் கலைக்கத்தான் வேணுமோ? கென்யாவில் மசாய் மாராவைச் சுற்றி மசாய்களே தங்கட காணிகளைச் சேர்த்து வாடகைக்கு விடுகிறார்கள். காணிச் சொந்தக்காரருக்குக் காசு போகுது. அதிலும் குறைகள் உண்டு, ஆனாலும் காணி அவர்களுடைய பெயரில் இருக்குது.

நாங்கள் இருக்கிற நாட்டையே பாருங்கோ. 1914இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவின் நிலத்துக்கு மத்திய அரசு கிராமசபைகளுக்குக் குத்தகை கட்டுகிறது. ஓநாய் ஆட்டைக் கடித்தால் ஆட்டுக்காரருக்கு நட்டஈடு. ஓநாயைச் சுடுவதை இலகுவாக்கும் சட்டத்தை 2020 செப்டெம்பரில் சனத்திடம் வாக்குக்கு விட்டார்கள்; 51.9 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு பாராளுமன்றம் வேறு வழியில் சட்டத்தைத் தளர்த்தியது, அது வேறு கதை. ஆனால் இங்கே ஒரு ஓநாய்க்காகக்கூட சனத்தைக் கேட்கிறார்கள். மசாயையும் வேடரையும் அப்படி ஆர் கேட்டது?

சஃபாரி போகாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. உழைச்ச காசு, போய்ப் பாருங்கோ. (காசில்லாத என்னைப் போன்றவைக்கு அட்லிஸ்வில்லில் இருந்து எஸ்4 ரயிலில் கொஞ்சத் தூரத்தில் லாங்கென்பெர்க் இருக்கு. 1869இல் தொடங்கிய பூங்கா. கரடி, ஓநாய், லிங்ஸ் எல்லாம் இருக்கு. உள்ளே போக ஒரு றாப்பனும் இல்லை.) ஆனால் பயணத்துக்குக் காசு கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கோ. இந்த நிலம் ஆருடையது? நான் கட்டுற காசில் அவர்களுக்கு எவ்வளவு போகும்? பதில் சொல்லாத கொம்பனிக்குக் காசைக் கொடுக்காதேங்கோ.

வீடு வாசலை விட்டு வந்த சனம் நாங்கள். இந்தக் கேள்வியை நாங்களே கேட்காட்டி வேற ஆர் கேட்பினம்?